எலுமிச்சை ரோஸ்ட் சிக்கன்: கோழிமேல் குறையில்லை, தட்டில் தேங்கும் சாறுமேல்தான் கோபம்

எலுமிச்சை வைத்து முழுக்கோழியை ஓவனில் வாட்டும் இந்த முறை நிஜமாகவே நன்றாக வருமா என்று கேட்கிறவர்களுக்கு: கறி வரும், சாறு கசக்கும். பலமுறை செய்து பார்த்த பிறகும் இதே பதில்தான். செய்முறையை முதலிலிருந்து எழுதவில்லை. ஒன்றரைக் கிலோ கோழி, உப்பு, மிளகு, வெண்ணெய், பூண்டு, எலுமிச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "எலுமிச்சையை வட்டமாக நறுக்கிக் கோழிக்கு அடியில் பரப்புங்கள், மிச்சத்தை வயிற்றுக்குள் திணியுங்கள், சாற்றை மேலே பிழியுங்கள்" என்று பல குறிப்புகள் கூசாமல் சொல்கின்றனவே, அந்த மூன்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. மூன்றுமே தப்பு. மூன்றும் படத்தில் அழகாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

முதலில் அடியில் பரப்புவது. எலுமிச்சையின் மணம் மஞ்சள் தோலில் இருக்கிறது, புளிப்பு சாற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பகுதியும் கொட்டையும் சுளைச் சவ்வும் கசப்புக்குச் சொந்தம். முழுப் பழத்தில் அந்தக் கசப்பு வெளியே தெரியாது. நறுக்கியதும் திசு கிழிந்து அமிலத்தோடு கலக்கும்போது லிமோனின் என்ற கசப்புப் பொருள் மெல்ல உருவாகிறது. சூடு அதை வேகப்படுத்தும். பிழிந்து வைத்த ஆரஞ்சுச் சாறு சில மணி நேரத்தில் கசப்பதும் இதே காரணத்தால்தான். இப்போது கணக்குப் பாருங்கள்: கொட்டையோடு நறுக்கிய பத்து வில்லைகள், அதன்மேல் உருகி வழியும் கொழுப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் அனல். தண்ணீர் ஆவியாகிப் போகும், கசப்பு எங்கும் போகாது, சுண்டிச் சுண்டி அடர்த்தியாகும். கோழி மறைக்காத ஓரத்து வில்லைகள் கருகி அதோடு சேரும். தட்டில் எஞ்சுவது பொன்னிறத்தில் பளபளக்கும், நாக்கில் வைத்தால் முகம் சுளிக்கும்.

உப்புக்குக் கசப்பை அடக்கும் குணம் உண்டு. ஆகையால் லேசான கசப்பென்றால் ஒரு சிட்டிகை உப்பும் கால் ஸ்பூன் தேனும் சேர்த்துக் காப்பாற்றலாம். கருகிய கசப்பை எதனாலும் திருத்த முடியாது, கொட்டிவிடுங்கள்.

சரியான வழி இதைவிட எளிது. அடியில் எலுமிச்சைக்குப் பதில் தடியாக நறுக்கிய வெங்காயம், தட்டு காய்ந்து புகையாமல் இருக்க அரை டம்ளர் தண்ணீர். கோழி வெந்ததும் தட்டில் இருப்பதை ஒரு கிண்ணத்தில் சாய்த்து, மேலே மிதக்கும் கொழுப்பில் ஒரு ஸ்பூன் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அகற்றுங்கள். தட்டில் 150 மில்லி வெந்நீர் ஊற்றி, ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டி, கிண்ணத்துச் சாற்றோடு சேர்த்துப் பாதியாகச் சுண்டவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு, கவனியுங்கள், அணைத்த பிறகு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் 20 கிராம் குளிர்ந்த வெண்ணெயும் போட்டுக் கலக்குங்கள். கொதித்த சாற்றில் புளிப்பு மட்டும் நிற்கும், பழத்தின் வாசம் பறந்துவிடும்.

வாட்டிய எலுமிச்சைத் துண்டு தட்டில் இருந்தே ஆக வேண்டும் என்கிற பிடிவாதக்காரர்களும் உண்டு. பழத்தைப் பாதியாக வெட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, வெட்டிய பக்கம் கீழே படும்படி கடைசி 25 நிமிடத்துக்கு மட்டும் வையுங்கள்.

அடுத்தது வயிற்றுக்குள் திணிப்பது. உள்ளே இருக்கும் பழம் கோழியின் ஈரத்தில் வேகிறது, அவ்வளவுதான். அங்கே சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. லேசான வாசம் எலும்பை ஒட்டி ஏறும், நெஞ்சுக்கறியின் நடுவுக்குப் போய்ச் சேராது. பதிலுக்கு அது செய்யும் கெடுதல் அதிகம். பிரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு முழுப் பழங்களை இறுக்கி வைத்தால் உள்பக்கம் வேகத் தாமதமாகும், அதற்குள் நெஞ்சுக்கறி நார் நாராக உலர்ந்துபோகும். வைக்கத்தான் வேண்டுமென்றால் பிரிட்ஜுக்கு வெளியே வைத்துக் குளிர் போன அரைப் பழம், தளர்வாக. ஒன்றும் வைக்காமல் விட்டால் கோழி இன்னும் சீராக வேகும்.

மூன்றாவது, மேலே பிழிவது. தோல் முறுகுவதற்கு வேண்டியது வறட்சி. சாறு கொடுப்பது ஈரம். போதாததற்கு, தோலைப் பொன்னிறமாக்கும் மெயிலார்டு வினை அமிலத்தில் மந்தமாகிவிடும். சாறு தடவிய கோழியின் தோல் வெளிறி, ரப்பர் போல இழுப்பது இதனால்தான். ஆரஞ்சு இன்னொரு வகைத் தொல்லை: அதிலுள்ள சர்க்கரை 220 டிகிரியில் சீக்கிரம் கருகும். ஆரஞ்சுச் சாற்றைப் பாகுபோலச் சுண்டவைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் பூசலாம். கிரேப்ஃபுரூட் பக்கமே போக வேண்டாம், அதன் வெள்ளைப் பகுதியில் நாரிஞ்சின் என்ற கசப்பும் கூடவே இருக்கிறது.

இப்படித் திட்டிக்கொண்டே ஏன் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றால், தோலுக்கு அடியில் தடவும் அந்த வெண்ணெய்க்காக. இரண்டு பெரிய எலுமிச்சைகளின் மஞ்சள் தோலை மட்டும், வெள்ளை தெரிவதற்கு முன்பே நிறுத்தி, மெல்லிய துருவியில் துருவுங்கள். 40 கிராம் இளகிய வெண்ணெய், நசுக்கிய இரண்டு பல் பூண்டு, அரை ஸ்பூன் மிளகுத்தூள் சேர்த்துக் குழையுங்கள். கழுத்துப் பக்கமிருந்து விரலை நுழைத்து நெஞ்சுத் தோலைக் கிழியாமல் தளர்த்தி, உள்ளே பரவலாகத் தள்ளுங்கள். வெளித்தோலில் துருவல் பட்டால் கருகும், உள்ளே இருந்தால் தோலே அதற்கு மூடி. எலுமிச்சை எண்ணெய் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் வெண்ணெய் உருகும்போது மணமும் கறியோடு இறங்குகிறது. மறுநாள் பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடு பண்ணாமல் சாப்பிடும் நெஞ்சுக்கறியில் இந்த வாசம் முதல் நாளைவிடத் தெளிவாக இருக்கும். எந்தக் குறிப்பும் இதைச் சொல்லாதது ஆச்சரியம்.

வெளித்தோலுக்கு வெண்ணெய் வேண்டாம், அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர். எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். உப்பு 18 கிராம், கரண்டியால் அளக்காமல் எடை போட்டு, முந்தின நாள் இரவே. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. கோழியைக் கழுவாமல், ஈரம் ஒற்றி எடுத்து, உப்பைத் தடவிக் கம்பித்தட்டில் வைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் விடுங்கள். காலையில் தோல் காகிதம் போல இறுகியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். விசிறி ஓடும் ஓவனென்றால் இரண்டிலும் 20 டிகிரி குறையுங்கள். "சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது" என்பதை நம்பாதீர்கள். எலும்பையொட்டிய சிவப்பு மஜ்ஜையிலிருந்து வருவது, வெந்த கோழியிலும் இருக்கும். தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் குத்திப் பார்த்தால் நெஞ்சின் நடுவில் 74 டிகிரி, தொடையின் உட்புறத்தில் 80 இருக்க வேண்டும். 74-லேயே தொடை பாதுகாப்பாக வெந்துவிடும், ஆனால் ரப்பராக இருக்கும். வெளியே எடுத்து 15 நிமிடம் ஆறவிடுங்கள், அலுமினியத் தாள் போட்டு மூடாமல். மூடினால் முறுகிய தோல் ஆவியில் நமத்துப்போகும்.

முதுகெலும்பைக் கத்தரியால் வெட்டி எடுத்து, கோழியைத் தட்டையாக விரித்து வைத்தால் 220 டிகிரியிலேயே 45 நிமிடத்தில் முடிந்துவிடும். நெஞ்சும் தொடையும் சேர்ந்தே வேகும், திணிக்க வயிறும் இருக்காது. எல்லா வகையிலும் இதுவே உசத்தி. ஆனால் மேசை நடுவில் முழுக்கோழியை வைக்கும்போது வரும் பெருமை இதில் வராது, அதனால் பழைய முறையே ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஐந்து. எலுமிச்சையைத் தோல் துருவலாகவும் கடைசிச் சொட்டுச் சாறாகவும் மட்டும் பயன்படுத்தினால் ஒன்பது. அப்போது அது அந்தக் குறிப்பே இல்லை என்று வாதாடலாம், மறுக்க முடியாது. எப்படியிருந்தாலும், மிஞ்சிய எலும்பில் சூப் வைக்கப் போகிறவர்கள் வயிற்றுக்குள் கையை விட்டு ஒரு தடவை துழாவிப் பாருங்கள். வெந்து குழைந்த அரைத்துண்டு எலுமிச்சை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அதோடு சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்தால் பானை முழுதும் கசக்கும்.