12,000 பவுண்டு வின்ச் என்று சொல்லி 9,500-ஐ விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடிப்பதற்குள், சேற்றில் மாட்டிய வண்டியைக் கம்பி ரோப்பால் இழுத்தெடுக்கிற மோட்டார் கருவியான வின்ச் ஒன்றை வண்டியின் முன்னால் மாட்டிவிடலாம் என்று இடுக்கியில் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம் நிறையப் பேர் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னிடமே பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். 12,000 பவுண்டு இழுக்கும் வின்ச்சுக்குக் காசு வாங்கிக்கொண்டு எனக்குக் கொடுத்தது 9,500 பவுண்டு இழுக்கும் வின்ச். அது தெரிய வந்ததும் கடையில் இல்லை, வண்டி சேற்றில் இறங்கி நின்றபோதுதான். வழக்கு போட்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு கடைகளும் செய்யலாம்.

என்னுடையது பொலிரோ கேம்பர், நாலு வீல் டிரைவ். காலையில் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு, சாயங்காலம் பச்சைக்காய் மூட்டையோடு ஸ்டோருக்கு, நடுவில் உரம், டீசல், தண்ணீர்க் குழாய் என்று எது சொன்னாலும் ஏற்றுவேன். சரக்கோடு எடைமேடையில் நிறுத்தினால் மூன்று டன்னை ஒட்டி வரும். வின்ச் என்றால் ஏற்றிய எடையைப் போல ஒன்றரை மடங்காவது இழுக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சக்கரம் புதைகிற அளவு சேறு என்றால் வண்டியின் எடை அளவுக்கே இழுவை தேவைப்படும், அதோடு முப்பது டிகிரி ஏற்றமும் சேர்ந்தால் இன்னும் பாதி எடை கூடிவிடும். ஆக மூன்று டன் வண்டிக்கு நாலரை டன் இழுவை, அதாவது பத்தாயிரம் பவுண்டுக்குச் சற்றுக் கீழே. கடைகளில் கிடைக்கிற அளவுகளில் 9,500 இதற்குப் பற்றாது. அடுத்தது 12,000, கிலோவில் 5,443. அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கணக்கில் தப்பில்லை, இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மலை இறங்கிப் போனால் சமவெளியில் ஒரு ஆக்சஸரீஸ் கடை. அவர்களுடைய விளம்பரத்தில் 12,000 பவுண்டு, ஐபி 67 வாட்டர்ப்ரூஃப், ஒரு வருட வாரண்டி என்று பளிச்சென்று போட்டிருந்தார்கள். அதை நான் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். “அண்ணே, கொளுக்குமலைக்கு ஓடுற ஜீப்ல பாதிக்கு நாமதான் மாட்டிக் கொடுத்தது, கண்ண மூடிட்டு வாங்குங்க” என்றார் கடைக்காரர். நான் கண்ணைத் திறந்தேதான் கேட்டேன். மோட்டார் சீரிஸ் வூண்டா, அதாவது உள்ளே காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் என்ற கம்பிச் சுருள் வைத்ததா? ஆமாம் என்றார். கம்பி ரோப் எத்தனை எம்எம்? “பத்து எம்எம் அண்ணே, ஆனையையே இழுக்கும்.” மேனுவல் எங்கே? “இந்தத் தடவ பார்சல்ல வரல, வாட்ஸ்அப்ல அனுப்பி விடுறேன்.” அது வரவே இல்லை. பில்லில் ‘ஜீப் ஆக்சஸரீஸ் – 1’ என்று மட்டும் அடித்திருந்தார்கள். மாடலும் திறனும் எழுதுங்கள் என்றதற்கு, கம்ப்யூட்டரில் அந்த ஐட்டம் இல்லை என்று பதில். சரி, அப்படியானால் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள், அப்புறம்தான் பணம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ‘12000 எல்பி வின்ச், 1 வருட வாரண்டி’ என்று அனுப்பினார். அந்த ஒரு வரிதான் இன்றைக்கு வழக்கில் எனக்குப் பெரிய பிடி.

சோதனையும் காட்டினார்கள். கடை வாசலில் சிமெண்ட் தரையில் நின்ற ஒரு காரை வின்ச் மாட்டி இழுத்தார்கள், அது நைசாக நகர்ந்து வந்தது. வராமல் என்ன செய்யும்? கெட்டியான சமதரையில் உருளுகிற வண்டியை இழுக்க அதன் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், இரண்டு பேர் தள்ளினாலே நகரும். இந்தச் சோதனையில் எந்த வின்ச்சும் தோற்காது. இதைக் காட்டி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஆடி மாதத்தில் ஆனையிறங்கலுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தடத்தில், மூட்டையோடு ஏறும்போது முன்பக்க இடது சக்கரம் ஓடைக்குள் சறுக்கிவிட்டது, பின்சக்கரம் ஹப் வரை புதைந்துவிட்டது. ஆட்களை எல்லாம் இறக்கித் தள்ளி நிற்கச் சொன்னேன். மேலே பக்கத்திலேயே நல்ல பருமனான பலாமரம், பெல்ட்டைச் சுற்றி ஷாக்கிள் (இரும்புக் கொளுவி) போட்டு ரோப்பை மாட்டினேன், நடுவில் நனைந்த சாக்கு இரண்டைப் போட்டேன். மரம் கிட்டத்தில் இருந்ததால் ரோப் முக்கால்வாசி டிரம்மிலேயே, அதாவது அது சுற்றியிருக்கிற உருளையிலேயே, இருந்தது. பட்டனை அழுத்தினால் ரோப் விறைத்தது, வண்டி ஒரு விரல்கூட அசையவில்லை. மோட்டார் சத்தம் படிப்படியாக இறங்கி முனகலாகிவிட்டது, கருகின வாசம் வந்தது. பேட்டரியிலிருந்து போகிற சிவப்பு கேபிளைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, மேல்தோல் இளகிப் பளபளவென்று ஆகியிருந்தது. நிறுத்துவதற்குள் ரோப்பில் ஒரு புரி ‘டிங்’ என்று அறுந்து, சாக்குக்கு அடியில் முறுக்கிக்கொண்டு எழும்பியது. சாக்கு இல்லாமலோ, யாராவது ரோப்புக்கு நேரே நின்றோ இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. என் வண்டியில் வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், பிள்ளைகளை லயத்தில் விட்டுவிட்டு வருகிறவர்கள். எனக்குக் கோபம் காசுக்காக மட்டும் இல்லை.

மேலேயிருந்து இன்னொரு ஜீப் வந்து சங்கிலி போட்டு இழுத்தது. மறுநாள் பூப்பாறையில் நான் எப்போதும் வேலைக்கு விடுகிற ஒர்க்‌ஷாப் ஆசானிடம் வின்ச்சைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் முதலில் செய்தது தடிமன் அளக்கிற வெர்னியரை எடுத்து ரோப்பை அளந்ததுதான்: எட்டு எம்எம். எட்டு எம்எம் கம்பி ரோப் நாலு, நாலரை டன் வாக்கில் அறுந்துவிடும். 5.4 டன் இழுக்கும் வின்ச்சில் அதைவிடச் சீக்கிரம் அறுகிற ரோப்பை எந்த உற்பத்தியாளரும் சுற்றி அனுப்ப மாட்டார். அதாவது வெர்னியர் வைத்த அந்த நிமிஷமே மோசடி வெளியே வந்துவிட்டது, மோட்டாரைப் பிரிக்கவே தேவையில்லை. ஆனாலும் பிரித்தார். உள்ளே ஃபீல்டு காயில் இல்லை, காந்தத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், அதில் ஒன்று சூட்டில் விரிசல் விட்டிருந்தது. அப்புறம் கேபிளைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளையாக அலுமினியம். முழுச் சுமையில் நானூறு ஆம்பியர் வரை இழுக்கிற சாமானுக்கு இந்தக் கேபிள். மாட்டுவதற்குக் கொடுத்த போல்ட்டுகளின் தலையில் பலத்தைக் குறிக்கிற 8.8 என்ற முத்திரைகூட இல்லை. “மோனே, இது ஆளைக் கொல்லுந்ந சாதனம்” என்று சொல்லிவிட்டு ரோப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

முழுக் கதையும் விளங்கியது நெடுங்கண்டத்தில் இன்னொரு ஜீப்காரரைச் சந்தித்த பிறகு. அதே கடை, அதே வின்ச், அதே 12,000 ஸ்டிக்கர். அவருடைய பெட்டியில் மட்டும் மேனுவலை எடுக்க மறந்திருக்கிறார்கள். அதில் அடுக்கு வாரியாக இழுவைப் பட்டியல் இருக்கிறது: முதல் அடுக்கில் 9,500 பவுண்டு, நாலாவது அடுக்கில் 5,900. எனக்கு ஏன் மேனுவல் வரவில்லை என்பது அப்போது புரிந்தது.

இந்த அடுக்குக் கணக்கைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வின்ச்சில் எழுதியிருக்கிற எண் எப்போதும் டிரம்மோடு ஒட்டிய முதல் அடுக்குக்கு உரியது. ரோப் மேலே மேலே சுற்றச் சுற்ற டிரம்மின் விட்டம் பெரிதாகும், மோட்டாரின் முறுக்கு விசை அப்படியே இருக்கும், அதனால் இழுவை குறைந்துகொண்டே வரும். நாலாவது அடுக்குக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். 5,900 பவுண்டு என்றால் 2.7 டன்கூட இல்லை, என் வண்டி மூன்று டன், சேறும் ஏற்றமும் தனி. உண்மையான 12,000 ஆக இருந்திருந்தாலும் அந்த அடுக்கில் மூச்சு வாங்கியிருக்கும், ஆனால் ரோப் அறுந்திருக்காது, நிறுத்திவிட்டுக் கப்பி போட்டு வண்டியை எடுத்திருக்கலாம்.

கடைக்குப் போன் செய்தால் முதலில் பேட்டரி சரியில்லை என்றார்கள். பேட்டரியை டெஸ்ட் செய்து படம் அனுப்பினேன். அப்புறம் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி செல்லாது என்றார்கள். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் முங்கினாலும் உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம், அதைச் சொல்லித்தான் விற்றார்கள். மழையில் நனைந்ததற்கு வாரண்டி இல்லை என்றால் இடுக்கியில் எந்த மாதம் வின்ச் போடுவது? கடைசியில், பழையதைக் கொடுத்துவிட்டுக் கூடுதலாகக் காசு போட்டு சிந்தெடிக் ரோப் (செயற்கை இழைக் கயிறு) வைத்த ‘அடுத்த மாடல்’ எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேரம். அந்த விளம்பரத்தை மறுவாரமே அழித்துவிட்டார்கள். நான் எடுத்து வைத்த படம் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கடைக்கு ஒரு வெர்னியர் கொண்டு போங்கள். 12,000 பவுண்டு என்றால் கம்பி ரோப் ஒன்பதரை எம்எம்முக்குக் குறையக் கூடாது. மோட்டாரில் கேபிள் மாட்டுகிற தடித்த முனைகளை எண்ணுங்கள்: சீரிஸ் வூண்டு என்றால் பெரும்பாலும் மூன்று இருக்கும், காந்த மோட்டாருக்கு இரண்டுதான். காந்த மோட்டார் சின்ன வண்டிக்கு, லேசான வேலைக்குப் பரவாயில்லை, சுமை வண்டிக்குச் சீக்கிரம் சூடேறிப் பலமிழந்துவிடும். அடுக்கு வாரியான பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், காட்டவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், எந்த நாடு, அதிகபட்ச விலை என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும், அது சட்டம். என் பெட்டியில் ஒரு சீன எழுத்து லேபிளும் கடையின் ஸ்டிக்கரும்தான் இருந்தன. வார்ன் கம்பெனியின் 8274 என்ற வின்ச்சைப் பழைய ஆட்கள் இன்னும் தேடுவார்கள். 8 என்றால் 8,000 பவுண்டு, 274 என்றால் இரண்டாவது மாதம், 1974-இல் வந்தது, அந்த எண்ணே அதன் பெயர். அப்படிப் பொருளில் உள்ளதை அப்படியே எழுதுகிற கம்பெனியாகப் பார்த்து எடுங்கள், விலை கூடத்தான் வரும்.

சிந்தெடிக் ரோப் எடையில்லாதது, அறுந்தாலும் கம்பி மாதிரி வீசி அடிக்காது, நல்லதுதான். ஆனால் கம்பி ஓடி வெட்டுப்பட்ட பழைய ரோலரிலேயே அதை ஓட்டாதீர்கள், மணலும் சேறும் ஏறினால் கழுவிக் காய வையுங்கள். பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிற வின்ச்சில் வண்டியை நெடுநேரம் கீழே இறக்கினால் அந்தச் சூட்டில் ரோப் கெட்டுவிடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே கனமான இரும்பு பம்பரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஆர்டிஓ ஒன்றும் சொல்ல மாட்டார் என்பார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்த மாதிரி முன்பக்க இரும்புத் தடுப்புக்கு, அதாவது புல் பாருக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. மாட்டினால் அபராதம் உங்களுக்குத்தான், கடைக்கு இல்லை.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை என்று எனக்கு அவர்கள் பதில் நோட்டீஸ் விட்டார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, அதைக் கேட்டுப் பயந்து பின்வாங்க வேண்டாம்.

கருப்பு உடம்பு, சிவப்பு கிளட்ச் லீவர், பக்கத்தில் வெள்ளை எழுத்தில் 12,000 ஸ்டிக்கர். இதே வின்ச் உங்கள் வண்டியில் இருந்தால் ரோப்பின் மேல் வெர்னியரை வைத்து, எண் தெரிகிற மாதிரி படமெடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். கடையோடு போனில் பேசாமல் எழுத்திலேயே கேளுங்கள். கேபிளையும் போல்ட்டையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் 9,500 என்று நினைத்தே வேலை வாங்குங்கள்: மூட்டையை இறக்கிவிட்டு, டிரம்மில் ஐந்து சுற்று மிச்சம் வைத்து ரோப்பை நீளமாக விட்டு, மரத்தில் கப்பி கட்டி, அதன் வழியாக ரோப்பைத் திருப்பி வண்டியிலேயே மாட்டி இழுங்கள். இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும், ஒரு நிமிஷம் இழுத்தால் மோட்டாரை ஆறவிடுங்கள். ஆட்கள் ரோப் நீளத்துக்கு அப்பால் நிற்கட்டும்.