கேட்6 என்று சொல்லி அலுமினியத்தைச் சுவருக்குள் புதைத்துவிட்டுப் போனார்கள்

அலுவலக நெட்வொர்க்கைப் புதுப்பிக்கும் எண்ணத்தில் யாராவது இருந்தால், கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கொடுத்த பிறகுதான் விழித்துக்கொண்டோம்.

இரண்டு மாடி அலுவலகம், மொத்தம் 48 பாயிண்ட், அதாவது நெட்வொர்க் கேபிள் போய்ச் சேரும் 48 இடம். கேட்5இ (Cat5e) என்ற பழைய ரக நெட்வொர்க் கேபிள் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஐபி போன், கேமரா, புது வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் எல்லாம் சேரும்போது கேபிளையும் அதற்கு அடுத்த ரகமான கேட்6-க்கு (Cat6) மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, குறைவாகச் சொன்னவருக்கே வேலையைக் கொடுத்தோம். "பிராண்டட் கேபிள்தான் சார், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். கொட்டேஷனில் இருந்ததோ ஒரே வரி: கேட்6 கேபிள், 48 பாயிண்ட், டெஸ்டிங் உட்பட. கம்பி எந்த உலோகம், எவ்வளவு தடிமன், டெஸ்டிங் என்றால் எந்த டெஸ்ட் என்று ஒரு சொல் கிடையாது. நானும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

வேலை முடிந்த அன்று ஒரு சின்ன டெஸ்டரைக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையில் செருகினால் மறு முனையில் ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரியும். 48 பாயிண்டிலும் எரிந்தது. "எல்லாம் பாஸ் சார்" என்றார்கள், மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். அந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கேபிளுக்குள் நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும் எட்டுக் கம்பியும் அறுந்துபோகாமல் சரியான வரிசையில் சேர்ந்திருக்கின்றன. வேகம் தாங்குமா, பக்கத்து ஜோடியின் சிக்னல் கலக்கிறதா, கரன்ட் போய்ச் சேருமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் கேமராவில் தொல்லை ஆரம்பித்தது. பின்வாசல் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். இருட்டியதும் படம் போய்விடும், ஒரு நிமிடத்தில் தானாக வரும், மறுபடி போகும். கேமராவை மாற்றிப் பார்த்தோம், அப்படியேதான். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச்தான் கோளாறு என்றார். புது சுவிட்ச் வாங்கினோம். அதற்குள் இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் ஆள் கூடும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தன. கணக்குப் பிரிவில் ஒரு கம்ப்யூட்டர் 1000 எம்பிபிஎஸ்ஸில் நிற்காமல் 100-க்கு இறங்கிவிட்டது. அதற்கு, "உங்கள் இன்டர்நெட் கம்பெனியைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. உள் நெட்வொர்க் வேகத்துக்கும் வெளியிலிருந்து வரும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அப்போதுதான் சந்தேகம் வந்து வேறொரு டெக்னீஷியனை அழைத்தோம்.

அவர் முதலில் அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துச் சுவர்ப் பெட்டியைத் திறந்தார். பழுப்பு நிறக் கம்பி ஒன்றை விரலால் லேசாக ஒதுக்கினார், பட்டென்று ஒடிந்துவிட்டது. ஒடிந்த துண்டின் மேல் உறையை நீக்கி, பிளேடால் இரண்டு தடவை சுரண்டி என் கையில் கொடுத்தார். மேலே மெல்லிய செம்பு நிறம், சுரண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று அலுமினியம். "சிசிஏ சார் இது. செம்பு முலாம் போட்ட அலுமினியம். கேட்6 என்று பெயர் போட இதற்குத் தகுதியே கிடையாது" என்றார். நெட்வொர்க் கேபிள்களுக்கான டிஐஏ 568 தரம் முழுச் செம்புக் கம்பியைத்தான் ஏற்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் கேமரா விஷயமும் புரிந்தது. கேமராவுக்கு மின்சாரமும் அதே நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் போகிறது. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அப்போது கூடுதல் கரன்ட் இழுக்கும். செம்பின் கடத்துதிறனில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அலுமினியத்துக்கு. இங்கே கம்பியும் இருக்க வேண்டிய தடிமனை விட மெலிது. கரன்ட் கூடக் கூட வழியிலேயே வோல்டேஜ் இறங்கி, கேமரா அணைந்துவிடுகிறது. கீழே சுவிட்ச் இருக்கும் ரேக்கிலிருந்து அந்தக் கேமரா வரை 78 மீட்டர், அளந்தபோது போக வர மின்தடை 27 ஓம் காட்டியது. 100 மீட்டர் முழு இணைப்புக்கே அதிகபட்சம் 25 ஓம்தான் இருக்கலாம். மின்தடை கூடினால் கம்பி சூடாவதும் கூடும். ஆக்சஸ் பாயிண்டுக்குப் போகும் கேபிள்களை ஒரே கட்டாக இறுக்கி ஃபால்ஸ் சீலிங்கில் வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

100-க்கு இறங்கியதற்குக் காரணம் அந்த ஒடிந்த பழுப்புக் கம்பி. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கம்பி நாற்காலி இடிக்கும்போதெல்லாம் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது.

கேபிள் தரத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று அளந்து சொல்லும் முறையான சர்டிஃபிகேஷன் டெஸ்டரை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் சோதித்தோம். 48-ல் 21 ஃபெயில். மீதி 27 பாஸ் ஆனதே என்று நான் கொஞ்சம் நிம்மதியானபோது டெக்னீஷியன் தடுத்தார். அதிவேக சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். அங்கே செம்பு இருப்பதால் குறைந்த தூரத்தில் சிசிஏ தப்பித்துவிடும். மின்தடை அளவையும், ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள மின்தடை வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாட்டும். அதனால் ரிப்போர்ட் கேட்கும்போது இந்த இரண்டும் அதில் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வெறும் "பாஸ்" போதாது.

ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்தபோது இன்னும் கிடைத்தது. ஓரிடத்தில் கேபிள் எட்டாமல் போயிருக்கிறது. வேறொரு துண்டைக் கையால் முறுக்கிச் சேர்த்து, கருப்பு டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலில் ஜோடிகளின் முறுக்கை இரண்டு அங்குலம் வரை பிரித்திருந்தார்கள். 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. இந்தக் குறைகளை ஒரு நாளில் சரிசெய்யலாம். கேபிளே தப்பு என்றால் ஒன்றும் செய்ய முடியாது, முழுவதும் இழுத்துப் போட வேண்டியதுதான்.

என்னால் மன்னிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. பழைய கேட்5இ கேபிளை "குப்பையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் சார், அதற்குக் காசு வேண்டாம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது சுத்தமான செம்பு. 48 பாயிண்டின் செம்பை எடுத்துக்கொண்டு அலுமினியத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் அன்றைக்கு நன்றியும் சொன்னோம்.

கேட்டதற்கு, "நீங்கள் கேட்ட விலைக்கு இதுதான் வரும், கொட்டேஷனில் செம்பு என்று எங்கே இருக்கிறது?" என்றார் கான்ட்ராக்டர். மேசை நகர்த்திய அன்று எங்கள் ஊழியர் ஒருவர் எடுத்த போட்டோவின் மூலையில் கேபிள் பெட்டி தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பக்கவாட்டில் பொடி எழுத்தில் சிசிஏ என்று இருக்கிறது. ஆக, அவருக்குத் தெரிந்தே நடந்தது. அதைக் காட்டிய பிறகு போனை எடுப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

இந்தத் தடவை ஒப்பந்தத்தில் முழுச் செம்பு, கம்பித் தடிமன் 23 ஏடபிள்யூஜி (AWG) என்று எழுதி வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு லிங்க்குக்கும் ரிப்போர்ட் வேண்டும், சீலிங் மூடுவதற்கு முன் அது கைக்கு வர வேண்டும், வந்த பிறகுதான் கடைசித் தவணை. பெட்டியைத் தூக்கிப் பார்த்தே வித்தியாசம் தெரிகிறது. செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. போன தடவை வந்த பையன் கைக்கு இரண்டு பெட்டியாக மாடி ஏறினான், இப்போது வருகிறவர்கள் ஒவ்வொன்றாகத்தான் தூக்குகிறார்கள்.

இதுவரை 30 பாயிண்ட் மாற்றியாகிவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் முதல் ஒரு அடியை வெட்டி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் இழுக்க ஆரம்பிக்கிறார்கள். பிளேடு என் மேசை டிராயரிலேயே இருக்கிறது.