செம்பூரில் எங்களுக்கு வாடகை வீடு தேடித் தந்த தரகர்: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரிலிருந்து வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு மும்பைக்கு வருகிறவர்கள், இணையத்தில் எத்தனை படங்களைப் பார்த்தாலும், கடைசியில் ஒரு தரகரிடம்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வீடு அமைந்தது செம்பூர் ரயில் நிலையத்தின் அருகே சிறிய அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தமிழ்த் தரகர் வழியாக. அறிந்தவர்கள் சொல்லி அனுப்பும் ஆட்களை நம்பியே தொழில் நடத்தும் அவர், தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் இந்நகரில் வீடு தேடப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவும் என்பதால், அவருடைய சேவையின் நிறைகளையும் குறைகளையும், கொடுத்த தரகுக்கு அது ஈடானதா என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் வாங்கிய தரகு ஒரு மாத வாடகை, அதாவது 60,000 ரூபாய். மும்பையில் பெரும்பாலும் இதுவே வழக்கம். தரகே இல்லாமல் வீடு பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் முதலில் இணையத் தளங்களைத்தான் பார்த்தோம். ஒரே வீடு மூன்று விதமான வாடகையில் மூன்று பேரால் பதிவேற்றப்பட்டிருப்பதும், வீட்டுக்காரர் என்று எழுதியிருந்த எண்ணில் பேசுபவர் தரகராக இருப்பதும், கேட்ட வீடு கைமாறிவிட்டது என்று சொல்லி வேறொன்றைக் காட்ட அழைப்பதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். வாடகை நிலவரத்தைத் தெரிந்துகொள்ள அந்தத் தளங்கள் உதவும்; நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு வீட்டை முடிவு செய்ய உதவா.

இந்தத் தரகரிடம் எனக்கு முதலில் நம்பிக்கை ஏற்படுத்தியது அவர் கேட்ட கேள்விகள். வாடகை எவ்வளவு தர முடியும் என்பதற்கு முன்பே, அலுவலகம் எங்கே, மகளுக்கு எந்தப் பள்ளி, விசா எந்த வகை, எத்தனை மாதத்திற்கு, வீட்டில் மீன் சமைப்போமா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். சாப்பாட்டைப் பற்றிய கேள்வி எனக்கு உவப்பாக இல்லை. ஒரு குடும்பம் என்ன சமைக்கிறது என்பதை வைத்து வீடு கொடுப்பதும் மறுப்பதும் எந்த ஊரிலும் சரியல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கம் இங்கே சில வீட்டுக்காரர்களிடமும் சில சொசைட்டிகளிடமும் (கட்டடத்தை நிர்வகிக்கும் வீட்டு உரிமையாளர் சங்கங்கள்) இருக்கத்தான் செய்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, எங்களை மறுக்கக்கூடிய வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். வாசல் வரை போய்த் திரும்பும் அவமானத்தை எங்கள் மகள் பார்க்காமல் போனதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மாட்டுங்காவில்தான் வீடு வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். மும்பை என்றதும் சிங்கப்பூரில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் எல்லோரும் சொன்ன பெயர் அதுதான்: ஆஸ்திக சமாஜக் கோயில், சண்முகானந்தா அரங்கு, 1932 முதல் கல்விப் பணி செய்துவரும் தென்னிந்தியக் கல்விச் சங்கம், நினைத்தபோது காப்பியும் இட்லியும் கிடைக்கும் தெருக்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. மாட்டுங்காவில் தொழில் செய்யும் இன்னொரு தரகரோடு சேர்ந்து சில வீடுகளைக் காட்டினார். ஆனால் ஒவ்வொன்றிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னார். சயானுக்கும் மாஹிமுக்கும் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. மாட்டுங்கா அந்த எல்லைக்கு உட்புறம் இருப்பதால் டாக்சியும் பேருந்தும்தான். அங்குள்ள பழைய கட்டடங்களில் பல 1969-க்கு முந்தியவை; அவற்றில் பகடி முறையில், அதாவது தொடக்கத்தில் ஒரு பெருந்தொகை கொடுத்துவிட்டுச் சிறு வாடகையில், தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் உண்டு. வீட்டைக் காட்டுபவர் உரிமையாளரா, பகடிக் குடியிருப்பாளரா என்று தெரியாமல் முன்பணம் கொடுத்தால், பிறகு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் இடத்தில் சிக்கல் வரும். நாங்கள் விரும்பிய ஒரு வீடு அப்படிப்பட்டதுதான் என்பதை அவரே விசாரித்துச் சொல்லி, வேண்டாம் என்று தடுத்தார். அதன் வாடகை நாங்கள் இப்போது கொடுப்பதைவிடக் கூடுதல். முடிந்திருந்தால் அவருடைய தரகும் கூடியிருக்கும்.

செம்பூருக்கு எங்களை மாற்றியது கணக்குதான். என் அலுவலகம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில். செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் திலக் நகர் தாண்டினால் குர்லா. அங்கிருந்து வளாகத்திற்குப் பேருந்தும் பங்கு ஆட்டோவும் கிடைக்கும். அவசரமென்றால் 2014-இல் திறந்த சாந்தாகுரூஸ்-செம்பூர் இணைப்புச் சாலை வழியாக வீட்டு வாசலிலிருந்தே ஆட்டோவில் போய்விடலாம். சேடா நகர் முருகன் கோயிலும் தமிழ் பேசும் கடைக்காரர்களும் இருப்பதால், மாட்டுங்காவை விட்டுவிட்டோமே என்ற குறை என் மனைவிக்கும் விரைவில் தீர்ந்தது.

வீட்டைக் காட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது, அதுவே அவருடைய சேவையில் மிகச் சிறந்த பகுதி. மாநகராட்சித் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நேரம். ஆகையால் தண்ணீர் வரும் வேளையிலேயே அழைத்துப்போய்க் குழாயைத் திறந்து காட்டுகிறார். சொசைட்டியின் மேல்தொட்டி எப்போது நிரம்புகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று காவலாளியிடம் நம் முன்னாலேயே கேட்கிறார். மேற்குப் பார்த்த சுவர்களைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்கிறார், ஏனென்றால் ஜூனில் தொடங்கும் மழை மேற்கிலிருந்து அடித்து அந்தச் சுவர்களில்தான் ஓதம் காட்டும். புதிதாகச் சுண்ணாம்பு பூசிய ஒரே சுவர் இருந்தால் ஏன் என்று வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னார். மாஹுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடை காற்று திரும்பும்போது எந்தெந்தத் தெருக்கள் வரை வருகிறது என்பதை மறைக்காமல் சொன்னார், ஒரு கட்டடத்தை அந்தக் காரணத்தாலேயே இருட்டிய பிறகு இரண்டாம் முறை பார்க்க வைத்தார். பரப்பளவைச் சொல்லும்போது சுவர்களையும் படிக்கட்டையும் சேர்த்த கணக்கை ஒதுக்கி, உள்ளே கால் வைக்கக்கூடிய கார்ப்பெட் ஏரியாவை மட்டும் சொல்கிறார். இரண்டு படுக்கையறை வீடு என்று சிங்கப்பூரில் நாம் மனத்தில் வைத்திருக்கும் அளவு வேறு, இங்கே கிடைக்கும் அளவு வேறு என்பதால் இது முக்கியம்.

இன்னொன்று, கட்டட மறுகட்டுமானம். செம்பூரில் பழைய சொசைட்டிகள் பல இடித்துக் கட்டப்பட்டுவருகின்றன. சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில் அதற்கான தீர்மானம் நிறைவேறியிருந்தால், ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அவர் எங்களைச் சொசைட்டிச் செயலாளரிடமே அழைத்துப்போய் இதைக் கேட்க வைத்தார். பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பிறகு ஆண்டின் நடுவில் வீடு மாறுவது எவ்வளவு துன்பம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை விளங்கும்.

ஆவண வேலைகளில் அவர் கொடுத்த உதவிக்காக மட்டுமே தரகைக் கொடுத்திருப்பேன். மும்பையில் பெரும்பாலும் செய்துகொள்வது லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம். குடியிருப்பதற்கு ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு அனுமதி பெறுகிறோம், வாடகைதாரருக்குரிய நிலையான உரிமை எதுவும் நமக்கு வருவதில்லை. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகை பல்லாண்டுகள் உறைந்துபோய், குடியிருப்பவரை எழுப்பவும் முடியாமல் போன அனுபவத்தால் வீட்டுக்காரர்கள் இந்த முறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, காலம் முடிந்தும் காலி செய்யாதவர் மாதத் தொகையைப் போல் இரு மடங்கு கட்ட நேரும். அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு நமக்குச் சாதகமானது: ஒப்பந்தம் 11 மாதத்திற்கே ஆனாலும் எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது, செய்யாவிட்டால் விதிமுறைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே ஏற்கப்படும். பதிவு வேண்டாம், நோட்டரி கையெழுத்துப் போதும் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். செலவும் அதிகமில்லை. மொத்த வாடகையோடு, திரும்பத் தரப்படும் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியைக் கணக்கிட்டுச் சேர்த்து, அந்தத் தொகைக்கு 0.25 விழுக்காடு முத்திரைத் தீர்வை. எங்களுக்கு ஏறத்தாழ 1,700 ரூபாய் ஆயிற்று. பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய்.

உள்ளூர்க்காரர்கள் இந்தப் பதிவை வீட்டிலிருந்தபடியே ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொடுத்து இணையத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆதார் இல்லாத எங்களுக்கு அது இயலவில்லை. இதை முன்னரே அறிந்திருந்த அவர், வீட்டுக்காரரையும் சாட்சிகளையும் ஒரே வேளையில் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வரச் செய்து, கடவுச்சீட்டு, விசா நகல்களோடு நேரில் பதிவு செய்வித்தார். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்திற்குள் அவர்களைப் பற்றிய விவரப் படிவத்தை இணையத்தில் பதிவேற்ற வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இந்தப் படிவத்தைக் கண்டு அஞ்சியே வெளிநாட்டவருக்கு வீடு மறுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து முதியவர், கணினி பழக்கமில்லாதவர். தரகர் அவர் அருகில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். காவல்துறைக்குக் குடியிருப்போர் விவரம் தெரிவிப்பதும் சொசைட்டியின் தடையின்மைக் கடிதமும் அவர் பொறுப்பிலேயே முடிந்தன. உரிமையாளர் தாமே குடியிருக்காத வீட்டுக்குச் சொசைட்டி கூடுதலாக வாங்கும் கட்டணம், சேவைக் கட்டணத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அரசு வகுத்த வரம்பு. அதைக் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரரே என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தார்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. அவர் எங்களிடமும் வாங்கினார், வீட்டுக்காரரிடமும் வாங்கினார். சிங்கப்பூரில் ஒரே பரிவர்த்தனையில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் நிற்பதைச் சட்டமே தடுக்கிறது. முகவரின் பதிவு எண்ணைப் பொதுப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். இங்கே மகாராஷ்டிரத்தின் வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவின் முகவர் பதிவு வீட்டு விற்பனையை மனத்தில் கொண்டது. வாடகைத் தரகருக்கு அத்தகைய கட்டு இல்லை. இரு பக்கமும் பணம் வாங்குபவர் பேரத்தில் நமக்காகப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்காரர் நான்கு மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்டபோது தரகர் வாயைத் திறக்கவே இல்லை. என் மனைவிதான், “மாமா, பள்ளிக் கட்டணத்தையும் இதே மாதம் கட்ட வேண்டியிருக்கிறது, மூன்று மாதமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று நேரே கேட்டு 1,80,000 ரூபாய்க்குக் குறைத்தார். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வரம்பு சொல்கிறது. ஆனால் மாதிரிச் சட்டம் மாநிலம் ஏற்றால்தான் செல்லும் என்பதால் அதைக் காட்டி வாதிடுவதில் பயனில்லை.

முன்பணத்திற்கு அவர் ரசீது தருவதில்லை. டோக்கன் தொகையை ரொக்கமாகக் கேட்டார். நான் வங்கி வழியாக வீட்டுக்காரரின் கணக்கிற்கே அனுப்பி, ஒப்பந்தம் நடக்காவிட்டால் திருப்பித் தரப்படும் என்று வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் கேட்டால்தான் செய்கிறார். தம் தரகுக்கும் பில் கொடுக்கவில்லை. அலுவலகத்தில் இச்செலவைத் திரும்பப் பெற வேண்டியவர்கள் தொடக்கத்திலேயே அதைப் பேசிக்கொள்வது அவசியம்.

வெளிநாட்டிலிருந்தபடி வீட்டை முடிவு செய்ய நினைப்பவர்களுக்கு அவர் ஏற்றவர் அல்லர். நாங்கள் புறப்படுமுன் அவர் அனுப்பிய காணொளிகள் அவசரத்தில் எடுத்தவை; வரவேற்பறை நன்றாகத் தெரியும், சமையலறை மேடையும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டும் தூரத்தில் நிற்கும் பக்கத்துக் கட்டடமும் தெரியாது. நேரில் வந்தவர்களிடம் அவர் காட்டும் பொறுமையும் கவனமும் அந்தக் காணொளிகளில் இல்லை. நிறுவனம் ஏற்பாடு செய்யும் சர்வீஸ் அபார்ட்மென்டில் முதலில் தங்கிக்கொண்டு, அதன் பிறகு அவரிடம் போவதே நல்லது.

செம்பூர், கோவண்டி, திலக் நகர், சயான் வரை அவருக்கு ஒவ்வொரு சொசைட்டியும் தெரியும். அந்தேரியிலோ போரிவலியிலோ வீடு வேண்டுமென்றால் அவர் இன்னொரு தரகரிடம் அனுப்பிவைப்பார், அந்தச் சேவைக்கு அவர் பொறுப்பேற்பதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அரை மாத வாடகை கேட்கிறார். பதிவு வேலையை மறுபடி செய்து தருவதானால் அதற்குரிய கூலியைக் கொடுப்பேன். அதே வீட்டில் தொடர்ந்து இருப்பதற்காக அரை மாத வாடகை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.