‘நண்பர் ஊர் திரும்புகிறார், அவசர விற்பனை’ என்று ஒரு கார் வந்தால்

போன வாரம் எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. ‘நண்பர் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார், அவசர விற்பனை, சுத்தமான வண்டி.’ படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2023 பிப்ரவரியில் இதே வாசகத்தை நம்பித்தான் 13,000 டாலரைத் தூக்கிக் கொடுத்தேன். தொலைபேசி எண் மாறியிருக்கிறது. ஆனால் படத்தில் வண்டிக்குப் பின்னால் தெரியும் செங்கல் சுவர் அதே சுவர்தான்.

அப்போது நாங்கள் டெக்சாஸுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கையில் எட்டு மாதக் குழந்தை. டாலஸ் பக்கம் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. சந்தையில் 17,000 டாலர் சொல்லும் 2016 மாடல் டொயோட்டா கேம்ரியை, விளம்பரம் போட்டவர் 13,000க்குத் தருவதாகச் சொன்னார். விசா முடிந்து கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்திருந்ததால், விலை குறைவாக இருந்தது எனக்குச் சந்தேகத்தைத் தரவில்லை.

இர்விங்கில் ஒரு மளிகைக் கடையின் வாகன நிறுத்துமிடத்தில், இரவு எட்டரை மணிக்குச் சந்தித்தோம். “நானும் மதுரைப் பக்கம்தான் தம்பி, நம் ஊர்ப் பிள்ளைக்குக் கெட்ட வண்டியைக் கொடுப்பேனா?” என்றார். ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலைக் காரின் கூரைமேல் விரித்து, கைப்பேசி வெளிச்சத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் காட்டினார். அவருடைய உள்ளங்கை தாளின் மறுபாதியில் இருந்தது. அது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதில் இருந்த உரிமையாளர் பெயர் அவருடையது அல்ல. “நண்பர் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்” என்றார். அதையும் நம்பினேன்.

நான்கு நாள் கழித்து, பெயர் மாற்ற கவுண்டி வரி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மையார் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ‘ரீபில்ட் சால்வேஜ்’ என்று அச்சாகியிருந்தது. “இது தெரிந்துதானே வாங்கினீர்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய வண்டியைப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று கணக்கிட்டால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு நஷ்டமாக அறிவித்து, உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்துக்கு அனுப்பிவிடும். அப்போது அதன் டைட்டில் ‘சால்வேஜ்’ ஆகிறது. அந்த நிலையில் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. ஏலத்தில் எடுத்தவர் பழுது நீக்கி, படிவம் கொடுத்துப் பதிவு செய்தால் அது ‘ரீபில்ட்’ ஆகிறது. நேர்மையாகப் பழுது நீக்கி, உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

இதில் கோடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாறுகிறது. நியூயார்க்கில் பழுதுச் செலவு வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தொட்டால் சால்வேஜ், ஃபுளோரிடாவில் 80. டெக்சாஸிலோ செலவு முழு மதிப்பையும் தாண்ட வேண்டும். ஆகவே ஃபுளோரிடாவில் சால்வேஜ் ஆகக்கூடிய அடி வாங்கிய வண்டி இங்கே டைட்டிலில் அந்த முத்திரையே இல்லாமல் ஓடலாம். மாநிலம் மாற்றி மாற்றிப் பதிவு செய்து முத்திரையையே உதிர்த்துவிடுகிறவர்களும் உண்டு. அதற்கு டைட்டில் வாஷிங் என்றே பெயர். அதனால் தாள் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது, வின் எனப்படும் வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு அதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் தேசிய வாகன உரிமைப் பதிவுத் தொகுப்பில் காப்பீட்டு நிறுவனங்களும் உடைப்புக் கூடங்களும் தகவல் தந்தே ஆக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். சில டாலர் செலவில் அந்த அறிக்கை கிடைக்கும். காப்பீட்டு மோசடியைத் தடுக்கும் என்ஐசிபி அமைப்பின் வின்செக் தேடல் இலவசம். ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. முழுக் காப்பீடு இல்லாத வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் இழப்பீட்டுக் கோரிக்கையே எழாது, அது எந்தப் பதிவிலும் வராமல் போகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

காப்பீடு அடுத்த இடி. வாங்கிய அன்றே தொலைபேசியில் முழுக் காப்பீடு எடுத்திருந்தேன். டைட்டில் விவரத்தைச் சொன்னதும், எதிராளியின் இழப்புக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விலக்கிவிட்டார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த பிறகு அவர்களே வின் எண்ணைப் பார்ப்பார்கள், அன்றைக்கு நம் பேச்சு எடுபடாது. இன்னும் மூன்று நிறுவனங்களைக் கேட்டேன். இரண்டு மறுத்துவிட்டன. மூன்றாவது, மெக்கானிக்கின் எழுத்துச் சான்றும் படங்களும் கேட்டது. வண்டி மறுபடியும் முழு நஷ்டமானால் வழக்கமான சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்துத்தான் தருவோம் என்றும் சொல்லிவிட்டது.

அந்தச் சான்றுக்காகத்தான் மெக்கானிக்கிடம் போனேன். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு முறை, மூன்று முறை. “ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை” என்றார். சாவியைத் திருப்பியதும் அது சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். மீட்டர் பலகையைக் கழற்றினார். அந்த விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுநாடாவைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். பிறகு முன்னிருக்கைக்கு எதிரே இருந்த மூடியை நெம்பினார். உறையைச் சுற்றிக் காய்ந்த பசை. உள்ளே ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் சுருட்டித் திணித்த பழைய துணி. ஸ்டீயரிங்கின் மூடிக்குள் துணிகூட இல்லை, வெறும் குழி. அந்த இருக்கையில்தான் என் மனைவி மூன்று வாரமாக உட்கார்ந்து வந்தாள். டெக்சாஸில் அப்போது நடைமுறையில் இருந்த வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை பிரேக்கையும் விளக்கையும் டயரையும் பார்க்கும், ஏர்பேக்கைப் பார்க்காது.

துணி வைத்ததாவது வெறும் இடம். இன்னும் மோசமானதும் உண்டு: பையை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர் மலிவான போலியாக இருக்கும் ஏர்பேக்குகள். விரிய வேண்டிய நேரத்தில் அவை வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் வீசுகின்றன. அப்படி மூன்று பேர் இறந்ததைச் சொல்லி 2024 ஜூலையில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் எச்சரிக்கையே வெளியிட்டது.

விற்றவரை அழைத்தேன். “தாளில் எழுதித்தானே இருந்தது தம்பி, படிக்காதது யார் தவறு?” என்றார். அதன் பிறகு எண் வேலை செய்யவில்லை. வழக்குப் போடலாம் என்று பார்த்தால் எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை. நண்பரின் கையெழுத்து என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெயர் வண்டியைப் பழுது பார்த்த வேறொருவருடையது. இவர் நடுவில் வாங்கித் தன் பெயரில் பதியாமலே கைமாற்றியிருக்கிறார். அது சட்டப்படி குற்றம். இங்கே உரிமம் இல்லாதவர் ஓராண்டில் நான்கு வண்டிவரைதான் விற்கலாம், அவையும் தன் பெயரில் பதிவானவையாக இருக்க வேண்டும். மாநில வாகனத் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறேன், போன வார விளம்பரத்தையும் இணைத்துவிட்டேன்.

வண்டியை விற்க முயன்றபோது ஒருவர் எதுவுமே கேட்காமல் 8,000 டாலர் தர வந்தார். பின்னிருக்கையில் அவருடைய இரண்டு பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், துணி இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார், என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். கடைசியில் உடைப்புக் கூடத்துக்கு 1,900 டாலருக்குக் கொடுத்தேன்.

குழுவில் வரும் எந்த வண்டியானாலும், பார்க்கப் போவதற்கு முன்பே டைட்டிலின் இரு பக்கப் படத்தையும் வின் எண்ணையும் கேளுங்கள். “நேரில் வாருங்கள், காட்டுகிறேன்” என்றால் போகாதீர்கள். டைட்டிலில் உள்ள பெயரும் விற்கிறவரின் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பகலில், நீங்கள் தேர்ந்தெடுத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே இப்படி வாங்கியவர்கள் இன்றிரவே வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி அந்த ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைந்தாலும், பழைய விபத்துப் பதிவு இருந்தால் மெக்கானிக்கை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்; ரெசிஸ்டர் என்ற சின்ன மின்பாகம் ஒன்றைப் பொருத்தி விளக்கை ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எரியவே இல்லையென்றால் காலையில் அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.