பிராகில் 200 யூரோ மாற்றிய கதை: முதல் தடவை போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செக் குடியரசின் தலைநகர் பிராகில் பணம் மாற்றும் கடையில் நோட்டை நீட்டுவதற்கு முன், "இதைக் கொடுத்தால் என் கைக்கு எத்தனை கொருனா வரும்?" என்று கேளுங்கள். (கொருனா அந்த நாட்டுப் பணம்.) கமிஷன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். நான் அதைத்தான் கேட்டேன். "பூஜ்யம்" என்றார்கள். அது உண்மைதான்.

2024 அக்டோபரில் வேலை விஷயமாக ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்தேன். அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். அங்கிருந்து பிராக் ரயிலில் இரண்டரை மணி நேரம்தான், பாதி வழி எல்பே ஆற்றை ஒட்டியே போகும். அதே ஷெங்கன் விசா போதும். வெள்ளி காலை போய் ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது வரை தாளில் எழுதி வைத்திருந்தேன். பணத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுதானே, யூரோ செல்லும் என்று நினைப்பு. செக் குடியரசு 2004-லேயே ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது, ஆனால் பணம் இன்னும் கொருனாதான்.

பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகும் சந்தில் ஒரு கடை. கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு '0% கமிஷன்'. விலைப்பட்டியல் பக்கவாட்டில், பொடி எழுத்தில். உள்ளே இருந்த பெண் 200 யூரோவை வாங்கி, ஒரு சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். போட்டேன். 3,400 கொருனா வந்தது. "எவ்வளவுடா வரணும்?" என்று அம்மா கேட்டார். சீட்டைப் பார்த்து எண்ணிவிட்டு, "சரியாத்தாம்மா இருக்கு" என்றேன். சீட்டில் போட்டிருந்த தொகையோடு சரியாகத்தான் இருந்தது!

அன்றைக்கு யூரோவுக்கு 25 கொருனாவுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் போட்டது 17. அதாவது 1,600 கொருனா அங்கேயே போய்விட்டது, நம் பணத்தில் கிட்டத்தட்ட 5,800 ரூபாய். கமிஷன் மட்டும் ஒரு பைசா எடுக்கவில்லை.

இது தெரியாமல் சந்தோஷமாகச் சதுக்கத்துக்குப் போனோம். அங்கே நகர மண்டபச் சுவரில் 1410-இல் செய்த வானியல் கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே ஜன்னலில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள். பக்கத்தில் பணப்பையைக் குலுக்கியபடி ஒரு கஞ்சன் பொம்மையும் உண்டு. "இவன் எதுக்கு அந்தப் பையை இந்த ஆட்டு ஆட்டுறான்?" என்று அம்மா சிரித்தார். மூன்று மணி நேரம் கழித்து எனக்கு விடை தெரிந்தது. (கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கைப்பையை முன்னால் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜேப்படிக்காரர்களுக்கும் பன்னிரண்டு மணி தெரியும்.)

அடுத்த அடி சாப்பாட்டில். சதுக்கத்துக் கடைகளில் பன்றித் தொடையை முழுசாகக் கம்பியில் செருகி விறகுத் தணலில் சுடுகிறார்கள். அந்த வாசனைக்கு யாரும் நின்றுவிடுவார்கள். பலகையில் 119 கொருனா. ஒரு தட்டு அவ்வளவு போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு விரலைக் காட்டி "ஒன்று" என்றேன். அவர் கத்தியை எடுத்துத் தாராளமாக அரிந்து தட்டில் போட்டுத் தராசில் வைத்தார். 420 கிராம். 500 கொருனா. பலகையில் விலைக்குக் கீழே கடுகு மாதிரி '100 கிராமுக்கு' என்று இருந்தது. நம்மூர்க் கறிக்கடையில் "எவ்வளவு போடட்டும்?" என்று கேட்காமல் கத்தியையே எடுக்க மாட்டார்கள். இங்கே "நூறு கிராம் மட்டும்" என்று நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. அம்மா சைவம். அவருக்கு வாங்கிய முட்டைக்கோஸ் போட்ட உருளைக்கிழங்கு உருண்டையும் எடைக்குத்தான். பழங்காலத்துச் செக் பலகாரம் என்று தெருவுக்குத் தெரு சுருட்டி விற்கும் டிர்டெல்னிக்கும் அப்படியொன்றும் பிராகின் பரம்பரைச் சொத்து இல்லை. சாப்பிட்டால் சாப்பிடுங்கள், சர்க்கரை அதிகம்.

மூன்று மணிக்குத்தான் ஹோட்டலில் அறை தருவார்கள். 3.10-க்கு வரவேற்பில் நின்றபோது, அங்கிருந்த பையனிடம் பேச்சுவாக்கில் எத்தனைக்கு மாற்றினேன் என்று சொன்னேன். அவன் முகம் மாறியது. "ரசீது இருக்கிறதா? நேரம் என்ன?" என்றான். எடுத்துப் பார்த்தேன், 11.42.

செக் நாட்டில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ரசீதையும் கொருனாவையும் கொடுத்தால் உங்கள் யூரோவை அவர்கள் திருப்பித் தந்தாக வேண்டும். எனக்கு 2.42 வரை நேரம் இருந்திருக்கிறது. 28 நிமிடம் தாண்டிவிட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல் ஓடினேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, ரசீதில் இருந்த நேரத்தை மட்டும் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அதற்குள் 500 கொருனாவைத் தின்றும் தொலைத்திருந்தேன், அது வேறு.

அதனால் ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். வெளியே வந்த கையோடு போனில் அன்றைய விலையைப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் உதைத்தால் அப்போதே திரும்பி உள்ளே போங்கள். தெருவில் "நல்ல ரேட் தருகிறேன்" என்று ஒட்டிக்கொள்கிறவர்களிடம் பேச்சே வேண்டாம். அவர்கள் தருவது கொருனாவாகவே இருக்காது. ஹங்கேரியின் ஃபோரின்ட் நோட்டைச் செருகிவிடுவார்கள். சைபர்கள் நிறைய இருப்பதால் கண்ணுக்கு நிறைவாகத்தான் தெரியும்.

மறுநாள் ஒரு வங்கியின் ஏடிஎம்மில் எடுத்தோம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. உங்கள் கணக்கின் பணத்திலேயே மாற்றிக் காட்டட்டுமா என்று திரை அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். மாற்றுகிற வேலையை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும், அந்த இயந்திரத்தின் விலையை விட அது அநேகமாக மலிவுதான். கடையில் கார்டு தேய்க்கும்போது "யூரோவா, கொருனாவா?" என்று கேட்டாலும் கொருனா என்றே சொல்லுங்கள். உண்மையில் ரொக்கம் இவ்வளவு தேவையே இல்லை. டிராமுக்குள் கூட கார்டில் டிக்கெட் எடுத்தோம்.

பிராக் கோட்டைக்குள் தேவாலயம், பழைய அரண்மனை எல்லாம் பார்க்க அப்போது ஆளுக்கு 450 கொருனா. பணம் மாற்றும் கடையில் விட்ட 1,600 கொருனாவில் இரண்டு பேருமே போயிருக்கலாம். "வெளியே நின்னு பார்த்தாலே போதும்டா" என்று அம்மா சொல்லிவிட்டார். கோட்டை முற்றங்களுக்குக் கட்டணம் இல்லை. மாலை சார்லஸ் பாலத்தில் நடந்தோம், அதற்கும் காசு கிடையாது.

ஞாயிறு இரவு ஸ்டேஷனில் சட்டைப்பையைத் துழாவினால் 87 கொருனா சில்லறை. நாணயங்களை மாற்றுக் கடைகளில் வாங்க மாட்டார்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு சாக்லேட்டும் வாங்கி அதைத் தீர்த்தோம். அம்மா அங்கேயும் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.