சிங்கப்பூர் காரா, ஜோகூர் காரா, கோலாலம்பூர் போய் எடுப்பதா? மலேசியச் சாலைப் பயணத்துக்கு மூன்று வழிகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால், சிங்கப்பூரில் சொந்தக் கார் இல்லாத வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். மலாக்கா போகலாமா, ஈப்போ போகலாமா, அப்படியே கேமரன் மலையும் ஏறிவிடலாமா? ஊரைப் பற்றிப் பெரிய சண்டை வராது. காரை எங்கே எடுப்பது என்பதில்தான் வரும். ஒருவர், "இங்கேயே எடுத்து வாசலிலிருந்து கிளம்பலாம்" என்பார். இன்னொருவர், "ஜோகூரில் பாதி விலைதானே" என்பார். மூன்றாமவர், பெரும்பாலும் ஓட்டப்போகிறவர், "கோலாலம்பூர் வரை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் அங்கே எடுப்போம்" என்பார்.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் நாள் வாடகையை வைத்தே வாதாடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். எல்லையைக் கடக்கும்போது கூட யார் வருகிறார்கள், எத்தனை பெட்டி, எல்லைக்கு அப்பால் எவ்வளவு தூரம்? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

வாசலிலிருந்தே கிளம்புவது

சிங்கப்பூர்க் காரின் பெரிய வசதி, சோதனைச்சாவடியில் யாரும் இறங்கிப் பெட்டி தூக்க வேண்டாம் என்பதுதான். பாட்டி முன் சீட்டில் இருக்கலாம், குழந்தை பின்னால் தூங்கலாம். 2024 மார்ச்சிலிருந்து உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் இரண்டிலும் கியூஆர் குறியீடு வந்துவிட்டது. மைஐசிஏ செயலியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குறியீடு உருவாக்கிக்கொண்டால், சிங்கப்பூர்ப் பக்கம் ஆளுக்கொரு கடப்பிதழை எடுத்து நீட்டத் தேவையில்லை. மலேசியப் பக்கத்துக்குக் கடப்பிதழ் வேண்டும், வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

காத்திருப்பு மட்டும் குறையாது. விடுமுறைக் காலத்தில் கார்கள் மூன்று மணி நேரம் வரை நின்றதாகக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே பலமுறை அறிவித்திருக்கிறது. ஏசியில் உட்கார்ந்து காத்திருப்பது எவ்வளவோ மேல்தான், ஆனால் நடுவில் கழிப்பறைக்கு இறங்க முடியாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் விடியுமுன் கிளம்பிவிடுவது நல்லது.

இனி செலவு. மலேசியாவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னதும் வாடகை நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கும். விபத்து நடந்தால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையும், அதாவது எக்ஸஸ், எல்லைக்கு அப்பால் கூடிவிடுவது வழக்கம். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். சொல்லாமல் கொண்டுபோய் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விபத்தென்றால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

அடுத்தது விஇபி எனும் வாகன நுழைவு அனுமதி. சிங்கப்பூரிலிருந்து சாலை வழியாக வரும் வெளிநாட்டுக் கார்களுக்கு மலேசியா இதை 2025 ஜூலை 1 முதல் கறாராக அமல்படுத்துகிறது. இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம். காரின் உரிமையாளர்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வாடகைக்காரில் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. "இந்தக் காருக்கு விஇபி ஒட்டியிருக்கிறதா?" என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். "எங்கள் கார்களுக்கெல்லாம் உண்டு" என்ற பதில் போதாது. உங்களுக்குத் தரப்போகிற கார் எண்ணுக்கு உண்டா என்று கேளுங்கள். இது தவிர, ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வைத்திருந்தால் இதற்கும் சுங்கச்சாவடிகளுக்கும் உதவும்.

பெட்ரோல் விஷயத்திலும் சிங்கப்பூர்க் காருக்குச் சலுகை கிடையாது. சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். 1989இல் அரைத் தொட்டி என்று ஆரம்பித்த விதி, 1991இல் முக்காலானது. முள் குறைவாகக் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள், அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம். அந்தப் பக்கம் போனபிறகும் மலிவான ரான்95 போடக் கூடாது, ரான்97தான். எதிர்ப்பக்கம் கார் எடுத்தவர்களுக்கு இங்கே ஒரு சின்ன லாபம் உண்டு. மலேசிய எண் கொண்ட காரில் ரான்95 போடலாம். ஆனால் மானிய விலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான், நாம் சந்தை விலை கொடுக்க வேண்டும்.

எந்த வழியாகக் கடப்பது? மலாக்காவோ அதற்கு வடக்கோ என்றால் நான் துவாஸ் பக்கம். உட்லண்ட்ஸில் 1924இல் திறந்த கடற்பாலம் உங்களை ஜோகூர் பாரு நகர நெரிசலுக்குள் கொண்டுபோய் விடும். துவாஸில் 1998இல் வந்த இரண்டாம் இணைப்பு நகரைச் சுற்றிக்கொண்டு வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் சேர்க்கும். சுங்கம் அதிகம், ஆனால் காலை நேரத்தில் அதற்கு ஈடான நேரம் மிச்சமாகும். ஈசூன், செம்பவாங் பக்கம் இருப்பவர்களுக்குத் துவாஸ் சுற்றுதான். அவர்கள் கிளம்பும் முன் இரு சாவடிகளின் கேமரா படங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எல்லையைத் தாண்டி எடுப்பது

ஜோகூர் பாருவில் சின்னக் காருக்கு நாள் வாடகை சிங்கப்பூர் வாடகையில் பாதிக்கும் கீழே வருவது சகஜம். விஇபி கவலை இல்லை, முக்கால் தொட்டி இல்லை, கூடுதல் கட்டணமும் இல்லை. தாளில் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை.

சிக்கல் அங்கே போய்ச் சேர்வதில். பஸ்ஸில் போனால் எல்லாப் பெட்டிகளோடும் உட்லண்ட்ஸில் இறங்கி, குடிநுழைவு முடித்து, திரும்ப ஏறி, பாலம் தாண்டி மறுபடி இறங்க வேண்டும். முதுகுப்பை போட்ட இரண்டு இளைஞர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. முட்டிவலிக்காரரோடும் மடக்குத் தள்ளுவண்டியோடும் வெள்ளிக்கிழமை மாலை இதைச் செய்தால், மிச்சம் பிடித்த வாடகை அப்போதே மறந்துபோகும்.

தெப்ராவ் ஷட்டில் ரயில் இதைவிடப் பல மடங்கு நல்லது. ஓடுவது ஐந்து நிமிடம்தான். போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸ் ரயில் சாவடியிலேயே முடிந்துவிடும். கட்டணம் போக 5 வெள்ளி, வர 5 ரிங்கிட். ஒரே தூரத்துக்குத் திரும்பும்போது மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்காமல் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வார இறுதிச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், கார் முன்பதிவுக்கு முன்னால் ரயில் சீட்டை எடுங்கள். உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலை 2026 முடிவதற்குள் தொடங்குவதாகத் திட்டம். அது முழுவீச்சில் ஓட ஆரம்பித்தால் இந்த இரண்டாவது வழியின் குறைகளில் பெரியது போய்விடும், என் தீர்ப்பையும் மாற்றிக்கொள்வேன்.

காரை ஒப்படைக்கும் விதமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பெரிய நிறுவனங்களுக்குச் செனாய் விமான நிலையத்தில் கவுன்ட்டர் இருக்கும். அது நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சின்ன நிறுவனங்கள் ஜோகூர் பாரு ரயில் நிலையமான ஜேபி சென்ட்ரல் அருகே ஏதாவது கார் நிறுத்துமிடத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிடும். வசதிதான். ஆனால் அந்த அரையிருட்டில் காரைச் சுற்றி நிதானமாக ஒரு வீடியோ எடுக்காமல் கிளம்பாதீர்கள். சக்கர விளிம்பு, பம்பரின் அடிப்பக்கம், பெட்ரோல் முள் மூன்றும் அதில் பதிவாக வேண்டும். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இரண்டு மாதம் துரத்தியவன் சொல்கிறேன்.

இன்னொன்று, மலேசியக் காரைச் சிங்கப்பூருக்குள் ஓட்டி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நீண்டகால அனுமதியில் இருப்பவர்களும் வெளிநாட்டுப் பதிவுக் காரை இங்கே பயன்படுத்த அனுமதி இல்லை. ஆக, திரும்பும் நாளில் ஜோகூரில் காரை விட்டுவிட்டு, வாங்கிய மலாக்கா பலகாரங்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.

தாள்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவில் செல்லும், 1985ஆம் ஆண்டு ஆசியான் ஒப்பந்தம் இருக்கிறது. இந்திய உரிமம் மட்டும் வைத்திருப்பவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கொண்டுபோவது நல்லது. இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்கு 2026 இறுதி வரை விசா வேண்டாம், ஆனால் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. கணவர் குடிமகன், மனைவி நிரந்தரவாசி என்று கலந்திருக்கும் வீடுகளில் மறந்துபோவது இதுதான்.

தூரம் என்றால் மூன்றாவது வழி

ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர், அங்கிருந்து ஈப்போ இன்னொரு 200. வேக வரம்பு 110, சாலை அருமை, பாகோ, ஆயர் குரோ என்று ஓய்விடங்களும் உண்டு. இருந்தாலும் சாவடியில் இரண்டு மணி நேரம் ஊர்ந்துவிட்டு அதே நாளில் ஈப்போ வரை ஓட்டுவது ஒற்றை ஓட்டுநருக்குத் தண்டனை. அதனால் ஈப்போ, கேமரன், பினாங்கு என்றால் தெற்குப் பகுதியை வேறு யாராவது ஓட்டட்டும் என்பேன். விரைவுப் பேருந்து ஐந்தாறு மணி நேரம், விமானம் ஒரு மணி நேரம். 2025 டிசம்பரிலிருந்து ஈடிஎஸ் மின்ரயில் ஜோகூர் பாரு வரை வருகிறது, கோலாலம்பூருக்கு நாலரை மணி நேரம் போல ஆகும்.

இன்னும் ஒரு படி மேலே போய், கோலாலம்பூரிலும் எடுக்காமல் ரயிலிலேயே ஈப்போ போய் அங்கே கார் எடுக்கலாம். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது. தலைநகரின் நெரிசலில் வழி தேடி அலைய வேண்டாம். முதல் நாள் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலும் வெள்ளைக் காப்பியும். அடுத்த நாள் பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் சென்னை மாகாணத்திலிருந்து ஆட்களை வரவழைத்துக் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்றது. அருகே அவர் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயிலின் கூரையில், சாமி சிலைகளுக்கு நடுவே அவர் உருவமும் நிற்கிறது. தவறாமல் அண்ணாந்து பாருங்கள்.

பிறகு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன். தெற்கே தாப்பா வழிச் சாலை பழையது, குறுகல், வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாய்ச் சாலை அகலம், வாந்தி குறைவு. காரையும் மலையை வைத்தே தேர்ந்தெடுங்கள். ஒரு லிட்டர் எஞ்சின் ஆக்சியாவில் ஐந்து பேர் ஏறினால் மலையில் திணறும். மைவியில் 1.5 எஞ்சின் இருக்கிறது. பெட்டி அதிகமென்றால் பெஸ்ஸா, அதன் டிக்கி 508 லிட்டர். தாத்தா பாட்டியோடு ஆறேழு பேர் என்றால் அல்சா.

இந்த வழியின் குறை, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிச் சீட்டு. ஒன்று தாமதமானால் அடுத்ததும் ஆடும். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆனால் பினாங்கில் காரை விட்டுவிட்டு விமானத்தில் திரும்பினால், விடுமுறையின் கடைசி நாள் சாவடி வரிசையே கிடையாது. அந்தக் கட்டணத்தை நான் முணுமுணுக்காமல் கட்டுவேன்.

அறை எடுக்கும்போது

கார் முடிவானபிறகே ஹோட்டலைத் தேடுங்கள், ஏனென்றால் கார்தான் எந்த ஹோட்டல் என்பதைச் சொல்லும். மலாக்காவில் ஜோங்கர் தெருவின் பழைய கடைவீட்டு விடுதிகள் பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் மின்தூக்கி இல்லை, கார் நிறுத்த இடமும் இல்லை. வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் இரவுச் சந்தைக்காகத் தெருவையே மூடிவிடுவார்கள். காரோடு போகிறவர்கள் மலாக்கா ராயா பக்கம் நிறுத்துமிடமுள்ள ஹோட்டலில் தங்கி நடந்து வரலாம். 1781இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலும் அந்த நடைதூரத்தில்தான்.

கேமரனில் பிரிஞ்சாங்கில் அறை எடுத்தால் சந்தைகளுக்குப் பக்கம், ஆனால் வார இறுதியில் வண்டி நகராது. நான் தானா ராத்தாவையே எடுப்பேன். எங்கே தங்கினாலும் வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதைக் கவுன்ட்டரில் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். முதல் இரவு அறைக்கு மட்டும் ரத்து வசதி உள்ளதை, கொஞ்சம் விலை கூடினாலும் எடுங்கள். எல்லையில் எவ்வளவு நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நோன்புப் பெருநாளையொட்டி விரைவுச்சாலை முழுக்க ஊர் திரும்பும் கார்கள். தைப்பூசத்தின்போது பத்துமலைப் பக்கம் அறை தேடுவதும் வீண்.

ஆக, மலாக்காவுக்கு இரண்டு இரவு, கூடப் பெரியவர்களும் பிள்ளைகளும் என்றால், விலை அதிகமானாலும் சிங்கப்பூர்க் கார். இருவர், கைப்பை மட்டும், ரயில் சீட்டும் கிடைத்துவிட்டது என்றால் ஜோகூர்க் கார். கோலாலம்பூருக்கு வடக்கே என்றால் மூன்றாவது வழி. ஜோகூர்க் காரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கடைசி இரவை ஜேபி சென்ட்ரல் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம். காரை முந்தின மாலையே ஒப்படைத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் மேம்பாலம் வழியாகக் குடிநுழைவுக்கு நடந்தே போய்விடலாம்.