ஏழு கன்னியர் மலையை நோக்கி ஒரு மணி நேரம்: கண்டி விமான சிமுலேட்டர்

கண்டியில் ஒரு சிறிய கடையில் போயிங் 737 சிமுலேட்டர், அதாவது தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பார்க்கும் கருவி, வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பொதுவாக எல்லோரும் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் ஏறி ஒரு சுற்று சுற்றி இறங்குவார்கள். நான் கேட்டது வேறு: இரவு, கிழக்கிலிருந்து, தாழ்வாக, ஏழு கன்னியர் மலைப் பக்கமாகக் கட்டுநாயக்கவுக்கு இறங்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் அந்த மலைப் பக்கத்து நோர்வூட். 1974 டிசம்பர் 4 இரவு பத்து மணிக்கு மேல், சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்எயர் டிசி-8 அந்த மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது 11 வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயமே வெளியே ஓடி வந்ததாம். விடிந்ததும் தாத்தா மலையேறிப் போனார். பார்த்ததைக் கடைசிவரை வாய் திறந்து சொல்லவில்லை.

விமானிகள் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நினைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓடுபாதையோ இன்னும் சுமார் 40 கடல் மைல் தள்ளி இருந்தது. முன்னால் மலை என்று சொல்ல அந்த விமானத்தில் கருவி இல்லை. மூன்று நாள் முன்புதான் வாஷிங்டன் அருகே இன்னொரு விமானம் இதேபோல் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகே அமெரிக்காவில் தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது.

சரி, சிமுலேட்டருக்கு வருகிறேன். வெளிக்காட்சி ஏமாற்றம். ஏழு சிகரமும் ஒரே மண்மேடு போலத் தெரிகிறது, தேயிலை மலையெல்லாம் வெறும் காடு. ஆனால் உயரக் கணக்கு சரியாக இருக்கிறது, எனக்கு வேண்டியது அதுதான். முதலில் எச்சரிக்கைக் கருவியின் திரையில் மஞ்சள் படர்ந்தது. "காஷன், டெரெய்ன்" (கவனம், முன்னால் நிலம்) என்றது குரல். பயிற்சி தரும் தம்பி, "அண்ணே, கையை அசைக்காம கொஞ்சம் இருங்க" என்றார். மஞ்சள் சிவப்பானது. "டெரெய்ன், டெரெய்ன்! புல் அப்!" (மேலே ஏற்று!) மூக்கை நிமிர்த்தி, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, இறக்கையைச் சாய்க்காமல் ஏறினேன். மலை அடியில் போனது. கை நடுங்கிவிட்டது.

அந்தத் தம்பி விளக்கிய விதத்துக்காகவே இன்னொரு முறை போகலாம். டான் பேட்மன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய பழைய கருவி, ரேடியோ அலையால் நேர் கீழே உள்ள தரையை மட்டும் அளக்கும். செங்குத்தான மலை என்றால் அது கத்தும்போது நேரம் கடந்திருக்கும். 1990களில் வந்த புதியது உலகத்தின் மலைகளையும் ஓடுபாதைகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ் மூலம் முன்னால் பார்க்கிறது. முதல் எச்சரிக்கை சுமார் ஒரு நிமிடம் முன், இரண்டாவது அரை நிமிடம் முன். 250 நொட் (மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர்) வேகத்தில் ஒரு நிமிடம் என்றால் 7 கிலோமீட்டருக்கு மேல். ஓடுபாதையை ஒட்டி முறையாக இறங்கும்போது வீணாகக் கத்தாது. அதையும் கட்டுநாயக்கவில் இறக்கிக் காட்டினார்.

அப்புறம், கருவியை அணைத்துவிட்டு அதே வழியில் ஒருமுறை போகலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்படி ஒரு பாதை வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்கள் தயார் செய்து வைக்க வேண்டும். அடுத்த மாதம் அப்பாவைக் கூட்டிப்போகிறேன். கடை இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏற வேண்டும்.